எஸ்றா 4:13: ஆயம் என்றால் சுங்கமா?

நெல்லைக்குருவி: பைபிளின் எஸ்றா புத்தகத்தில், எருசலேம் மதில் எழும்பினால் யூதர் "பகுதியையும் தீர்வையையும் ஆயத்தையும்" கட்டமாட்டார்கள் என்று அதிகாரி ரெகூம் பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குக் கோள்மூட்டி எழுதுகிறான். மூன்றாவது சொல் மூலமொழியான அரமேயத்தில் ஹலாக். அந்த வேருக்குப் போவது, நடப்பது என்று பொருள். ஆக, வழிச்சுங்கம். தமிழில் 'ஆயம்' என்று மொழிபெயர்த்துப் போட்டவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஏட்டுக்கரையான்: அவசரப்படாதீர்கள் சகோ. அந்த வசனத்தின் மிந்தா, பெலோ, ஹலாக் மூன்றுமே அக்காடியம் என்ற பழைய பாபிலோனிய மொழியிலிருந்து வந்த கடன் சொற்கள். ஹலாக்கின் மூலம் 'இல்கு': அரசன் நிலத்தை அனுபவிப்பவன் பதிலுக்குச் செய்யவேண்டிய வேலை. பிற்காலத்தில் அது பணமாகவும் கட்டப்பட்டது.

நெல்லைக்குருவி: அந்த இல்குவே அக்காடியத்தில் 'போ' என்ற வினையிலிருந்து வந்ததுதானே? என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்!

ஏட்டுக்கரையான்: போவதுதான், ஆனால் போகிறவன் யார்? சரக்கு வண்டிக்காரன் இல்லை, ராஜாவுக்காகப் படைக்குப் போகிறவன். தான் போகாமல் கூலிக்கு ஆள் அனுப்பினால் மரண தண்டனை என்கிறது பழைய பாபிலோன் ராஜா ஹமுராபியின் சட்டம் 26. எஸ்றா காலத்துக்கே வருவோம். எகிப்தை ஆண்ட பாரசீக ஆளுநர் அர்ஷாமாவின் அரமேயக் கடிதங்கள் தோலில் எழுதியபடியே கிடைத்திருக்கின்றன. ஒன்றில், அப்பன் நிலத்தை மகனுக்குக் கொடுங்கள், அப்பன் கட்டிய ஹலாக்கை இவனும் கட்டட்டும் என்கிறார். அங்கே சாலையும் இல்லை, சாவடியும் இல்லை.

மதுரைவாசகி: யூதரின் சட்ட விளக்க நூலான தல்முத்தில் ரப் யெஹூதா என்ற போதகர் ஹலாக்கை 'அர்னோனா', அதாவது விளைச்சல் வரி, என்கிறார். அதுவும் சுங்கம் இல்லை.

நெல்லைக்குருவி: அது ரோமர் காலத்துச் சொல் அக்கா, சுமார் 700 வருடம் தள்ளி வந்தது. எஸ்றாவுக்குள்ளேயே பாருங்கள். 7:24-ல் ஆசாரியர், லேவியர் எல்லாருக்கும் இந்த மூன்றிலிருந்தும் விலக்கு. அடுத்த அதிகாரத்திலேயே பாபிலோனிலிருந்து 650 தாலந்து வெள்ளி வருகிறது. நாலு மாதப் பயணம். சுங்க விலக்கு இல்லாமல் முடியுமா?

ஏட்டுக்கரையான்: நல்ல கேள்வி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் விலக்குப் பட்டியலில் வாசல் காவலாளரும் இருக்கிறார்களே. வாசலைவிட்டு நகராதவனுக்கு வழிச்சுங்கம் எதற்கு?

நெல்லைக்குருவி: அது இடிக்கிறது. சரி, நீங்கள் என்ன போடுவீர்கள்? 'ஊழிய வரி' என்றால் சபையில் சிரிப்பார்கள்.

மதுரைவாசகி: 'கடமை' போடலாமே? சோழர் கல்வெட்டுகளில் கடமை என்றாலே நிலவரிதான்.

ஏட்டுக்கரையான்: அட, வேலையும் வரியும் ஒரே சொல்லில் வந்துவிட்டது.