புதுப்பிப்பு: சரிந்த கல்லடுக்கும் சீமெந்துக் கேள்வியும்

சென்ற மார்கழி மழையில் எங்கள் வளவின் குளப்பக்கக் கல்லடுக்கு (சாந்தில்லாமல் கல்மேல் கல் வைத்துக் கட்டிய சுவர்) 12 அடி நீளத்துக்குச் சரிந்ததை எழுதி, சீமெந்து வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருந்தேன். வைக்கவில்லை.

பிரித்தபோதே காரணம் தெரிந்துவிட்டது. முன்னொரு தடவை யாரோ இடுக்குகளைச் சீமெந்தால் பூசியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். பின்னால் ஊறிய நீருக்கு வெளியேற வழியில்லை; நனைந்து கனத்த மண் சுவரைத் தள்ளிவிட்டது.

வவுனியாவிலிருந்து பெரியப்பா வந்தார். இளமையில் குளக்கட்டுகளுக்குக் கல் பதித்தவர். முதல் நாள் ஒரு கல்லைக்கூட வைக்க விடவில்லை. பருமன் பார்த்துப் பிரித்துக் குவிப்பதிலேயே பொழுது போனது. மறுநாள் நான் கல்லின் அகன்ற முகத்தை வெளியே காட்டி வரிசையாக அடுக்க, அவர் பேசாமல் எல்லாவற்றையும் இறக்கினார். “நீளம் உள்ளுக்குப் போகவேண்டும் தம்பி. அழகு பார்த்தால் அடுத்த மாரிக்கே விழும்.”

ஒரு கல் கீழேயுள்ள இரண்டு கற்களின் மேல் அமர வேண்டும். மூட்டுக்கு மேல் மூட்டு வரக்கூடாது. உள்ளே மண் அல்ல, சிறு கற்களை இறுக்கி நிரப்ப வேண்டும். 4 அடி உயரத்துக்கு 8 அங்குலம் மண்பக்கம் சாய்த்தோம்.

ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் உள்ள இந்தக் கல்லடுக்குக் கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததைச் சொன்னேன். “அங்கேயும் இடுக்கில் விரியன் படுக்குமா?” என்றார்.

இன்னும் 3 அடி மிச்சம். ஐப்பசிக்கு முன் முடித்துவிடுவோம்.