சேற்றில் கவிழ்ந்த எதிரி விமானத்தை உடையாமல் எடுப்பது எப்படி?

காட்பாடி மாணவன்:
காலேஜ் கண்காட்சிக்கு 1942ல அலாஸ்காவோட அகுடான் தீவுல கவுந்த ஜப்பான் போர் விமானம் ஜீரோவை அமெரிக்கர் மீட்டதை மாடலா செய்றோம். நம்ம ஏரிச் சேத்துல டிராக்டர் கவுந்தா ஜேசிபில சங்கிலி போட்டு இழுத்துடறாங்க. இதுக்கு ஏன் மூணு டீம் போச்சு? வேலை வரிசை என்ன?

அரக்கோணம் ஏர்ஃபிரேம்:
தம்பி, சங்கிலி போட்டு இழுத்தால் டிராக்டர் வரும், விமானம் பிய்ந்துவரும். ஏ6எம்2 ரக ஜீரோவில் இறக்கையும் உடலின் முன்பாதியும் ஒரே கட்டுமானம். போல்ட் கழற்றினால் பின்பாதிதான் தனியே வரும். இறக்கையைக் கழற்றி ஏற்றலாம் என்ற பேச்சே இல்லை.

ஜூன் 4 அன்று ஆயில் குழாயில் அடிபட்டு, புல்வெளி என்று நம்பிச் சக்கரத்தை இறக்கினார் விமானி. அடியில் சதுப்பு. சக்கரம் புதைந்து குட்டிக்கரணம், அவர் இறந்தார். ஜூலை 10ல்தான் அமெரிக்கர் கண்ணில் பட்டது. இரண்டாவது டீமின் கப்பல் நங்கூரங்களை இழந்ததால் கனரகக் கருவிகளை இறக்க முடியவில்லை. மூன்றாவது டீம் அவற்றோடு போய், தரைவழியே இழுத்துப் படகில் ஏற்றியது. நிமிர்த்தியது பக்கத்து அமெரிக்கத் தளமான டச்சு ஹார்பரில்தான், சேற்றில் இல்லை. மாடலில் இதைத் தப்பாகக் காட்டாதீர்கள்.

வரிசை: முதலில் இரண்டு 20 மி.மீ. பீரங்கி, இரண்டு 7.7 மி.மீ. துப்பாக்கிகளில் குண்டை எடுப்பது. அடுத்து பேட்டரி, பிறகு பெட்ரோல். கவிழ்ந்த டேங்க் மூடி வழியாகக் கசியும். அதுவரை பீடிகூடக் கூடாது.

ராணிப்பேட்டை ரிக்கர்:
காலி எடை சுமார் 1,700 கிலோதான். அதை நம்பி கிரேன் எடுத்தா மாட்டிப்பீங்க. சேறு கவ்வும், உள்ளயும் ரொம்பியிருக்கும். சுத்தி வாய்க்கா வெட்டி, இறக்கைக்கு அடியில பலகை கொடுத்து, ஒரு ஓரத்தை மட்டும் லேசா தூக்கணும். அடியில காத்து புகுந்துட்டா கவ்வல் விட்டுடும். நேரா மேல இழுத்தா தகடுதான் கிழியும். கம்பிக் கயிறு வேணாம். அகல பெல்ட், ஸ்பார் (இறக்கைக்குள்ள நீளமா போற முதுகெலும்புச் சட்டம்) இருக்கிற இடத்துல மரக்கட்டை வச்சு. வால், இறக்கை நுனில பெல்ட் போடவே கூடாது.

ஆம்பூர் வாசகர்:
ஒன்று விட்டுப்போச்சு: காவல். சிப்பாய்கள் நினைவுப்பொருள் என்று பெயர்த்தகட்டைப் பிடுங்கிவிடுவார்கள். தொழிற்சாலை, தொடர் எண், தயாரித்த தேதி எல்லாம் அதில்தான். எந்தக் குழாயையும் ரம்பத்தால் அறுக்காமல், இணைப்பில் கழற்றி இரு முனையிலும் சீட்டு கட்ட வேண்டும். கடல்நீர் பட்டிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் பூசணும். ஜீரோவின் அலுமினியக் கலவை சீக்கிரம் அரிக்கும்.

இத்தனை பக்குவத்துக்கும் கைமேல் பலன். முறிந்த சக்கரக் கால்களில்தான் பெரிய வேலை. புரொப்பெல்லரைச் சரிசெய்து அதையே மாட்டினார்கள். செப்டம்பர் 20ல் சான் டியாகோவில் பறந்தது. 200 நாட் (மணிக்குச் சுமார் 370 கி.மீ.) வேகத்துக்கு மேல் அய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கை மடல்) இறுகி உருளத் திணறுவதும், மூக்கைச் சடாரென்று கீழே தள்ளினால் மிதவைக் கார்புரேட்டரால் எஞ்சின் அணைவதும் அப்போதுதான் பிடிபட்டது.