சளி பிடித்த குழந்தைக்கு ஆவி பிடிக்கலாமா, கூடாதா?

இரவுப்பணி:
மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் தீக்காயப் பிரிவுக்கு ஒரே மாதிரி காயத்தோடு குழந்தைகள் வருகிறார்கள். இரண்டு தொடையும் அடிவயிறும் வெந்திருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டால், "சளிக்கு ஆவி பிடிச்சோம்" என்பார்கள். தரையில் கொதிநீர்ச் சட்டி, அதை அணைத்தாற்போல் சம்மணம் போட்ட பிள்ளை, தலைக்கு மேல் கனத்த போர்வை. மூச்சு முட்டியதும் பிள்ளை துள்ளி எழும், முழங்கால் இடித்துச் சட்டி கவிழும். அப்புறம்தான் பெரிய சேதம். வெந்நீரைக் குடித்த போர்வை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அதை உருவி எடுக்கும்வரை சூடு இறங்கிக்கொண்டே இருக்கும்.

60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஐந்தாறு நொடியில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு, பிள்ளையின் தோலோ மெல்லியது. குழந்தைகளுக்குச் சட்டி வைத்து ஆவி பிடிப்பதை வீடுகளில் அடியோடு நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. கஷாயம், ரசம் பற்றி எனக்குச் சண்டை கிடையாது.

கரிசல்காட்டான்:
சிஸ்டர், உங்கள் வேலையை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் பார்ப்பதெல்லாம் கவிழ்ந்த சட்டிகள். கவிழாத சட்டி ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. எங்கள் பக்கம் வேலியோரம் நொச்சி இல்லாத ஊர் கிடையாது. இரண்டு கைப்பிடி தழையும் ஒரு கரண்டி மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்துப் பிடித்தால் அடைத்த மூக்கு திறக்கும், பிள்ளை அன்று ராத்திரி தூங்கும். கொரோனா இரண்டாம் அலையில் ஊரே பிடித்தது.

இதை நிறுத்தினால் மக்கள் எங்கே போவார்கள்? நேரே மெடிக்கலுக்கு. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, மறக்க முடியுமா? அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்த மாதிரியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. நொச்சித் தழையில் யாரும் அதைக் கலக்க முடியாது.

இரவுப்பணி:
அண்ணாச்சி, இரண்டாம் அலையைச் சொன்னீர்கள். 2021 மே மாதம் தெருமுனையிலெல்லாம் ஆவி பிடிக்கும் ஏற்பாடு செய்தபோது, பொது இடங்களில் வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொண்டார். கூட்டமாகப் பிடித்தால் தொற்று பரவும் என்ற கவலை அது. வெந்து வந்த பிள்ளைகள் இங்கே மட்டுமில்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள், ஆவி பிடித்து வெந்து வரும் பிள்ளைகள் பல மடங்கு கூடிவிட்டார்கள் என்று 2020ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

சரி, பலனாவது உறுதியா? 1980களின் கடைசியில் பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்றில் சூடான ஈரக்காற்று சளியைக் குறைத்ததாகத் தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பும் சளிக்கு ஆவியைப் பரிந்துரைக்கவில்லை.

இருமல் மருந்து விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். அதற்கு மாற்று சட்டி மட்டும்தானா? கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டை ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டால் கெட்டிச்சளி இளகி வந்துவிடும். மருந்து எதுவும் கலக்காத சொட்டா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மருந்துக்கடைத் தம்பி:
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் கரிசல்காட்டான் அண்ணன் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளிமருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. இன்றும் பழைய பாட்டிலைக் காட்டி "இதே குடுங்க" என்று கேட்கிறார்கள், மறுத்தால் கோபப்படுகிறார்கள். வாயால் சாப்பிடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழுவும் அதே ஆண்டு செப்டம்பரில் சொல்லிவிட்டது. ஆகவே, கைவைத்தியத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை, கடை மருந்துக்கு இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. தைலம் தடவியதும் மூக்கு திறந்ததுபோல் இருக்குமே, அது பெரும்பாலும் உணர்வுதான். தைலத்தில் உள்ள மென்தால் மூக்கினுள் குளிர்ச்சியை அறியும் நரம்பைத் தூண்டுகிறது, காற்றுப் பாதை அகலமாவதில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008ல் சூடான பழச்சாறு கொடுத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அப்படித்தான்: அளந்து பார்த்தால் மூக்கில் மாற்றமில்லை, ஆனால் தொண்டை வலி, இருமல், குளிர் எல்லாம் குறைந்ததாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். சளிக்கு அந்த ஆறுதல் போதும். சூடாக மிளகு ரசம் கொடுங்கள்.

ஆடாதொடை:
சித்த மருத்துவம் படிக்கிறேன். கைவைத்தியத்தை "ஆறுதல்" என்று மட்டும் ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. உங்கள் கடையில் சளி கரைக்க விற்கும் புரோம்ஹெக்சின் எங்கிருந்து வந்தது? ஆடாதொடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டி உருவாக்கியது அது. நம் ஆட்கள் அந்த இலையைத் தலைமுறை தலைமுறையாகக் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார்கள்.

மருந்து என்று ஒப்புக்கொண்டால் அளவும் வயதும் பார்க்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பெரிய கவலை கற்பூரம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கிக் கைக்குழந்தை நெஞ்சில் தேய்க்கிறார்கள், துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுகிறார்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். பூஜைக் கற்பூரமாக இருந்தாலும் சரி, பச்சைக் கற்பூரமாக இருந்தாலும் சரி, இரண்டு வயதுக்குள் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கரிசல்காட்டான்:
கற்பூரத்தை நான் எங்கே சொன்னேன்? நொச்சியைப் பற்றிப் பேசினால் கற்பூரத்துக்குப் போகிறீர்கள். ஒரு வீட்டில் ஒருவர் செய்யும் தவறை வைத்து மொத்தக் கைவைத்தியத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. தேனையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பாட்டிப் பேச்சு என்றார்கள். 2018ல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பே சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், முதலில் தேன் கொடுத்துப் பாருங்கள் என்று எழுதியது.

இரண்டுபிள்ளைக்காரி:
தேன் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் சின்னவனுக்கு ஏழு மாதம். மூக்கு ஒழுகுகிறது, பால் குடிக்கும்போது திணறுகிறான். துளசிச்சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார். குளிப்பாட்டியதும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சாம்பிராணிப் புகை காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். வேண்டாம் என்று நான் மட்டும் சொன்னால் வீட்டில் எடுபடாது. அக்கா, கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம் தங்கச்சி. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். நம் வயிறு அதைச் சமாளித்துவிடும். குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும், கை கால் துவளும், மூச்சே நின்றுபோகலாம். தேனைச் சூடுபடுத்திக் கொடுத்தாலும் வித்து சாகாது. அண்ணாச்சி சொன்ன தேன் வைத்தியம் ஒரு வயது தாண்டியவர்களுக்கு.

மூக்கில் எண்ணெய் கூடவே கூடாது. நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வராது, நிமோனியாவாக மாறும். சாம்பிராணி உங்களுக்கு வாசனை, அவனுக்குப் புகை. ஏற்கெனவே திணறுகிற மூச்சுக்கு அது இன்னும் கஷ்டம். பால் கொடுப்பதற்குச் சற்று முன் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று செய்யுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். அவன் வயதுக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் சளி என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 40. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

இரண்டுபிள்ளைக்காரி:
எண்ணிப் பார்த்தோம் அக்கா. 38. குழி விழவில்லை. எண்ணெயை இன்றைக்கு விடவில்லை. சாம்பிராணியை மட்டும் அத்தை விட மாட்டேன் என்கிறார், பேசிக்கொண்டிருக்கிறேன்.

கரிசல்காட்டான்:
கைக்குழந்தைக்குத் தேன் கூடாது என்பதை நானும் எங்கள் பக்கம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆவி விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை சிஸ்டர். பத்து வயதுப் பிள்ளைக்குச் சட்டியை மேசைமேல் வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பிடித்தால் என்ன ஆபத்து? செய்யும் முறையைச் சொல்லிக்கொடுங்கள், வழக்கத்தையே ஒழிக்காதீர்கள். சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோ வைரஸிலேயே 160 வகைக்கு மேல் இருக்கிறது, அதைக் கொல்ல ஒரு மருந்தும் இல்லை. ஒரு வாரம் பத்து நாள் அது இருக்கத்தான் போகிறது. அதுவரை பிள்ளை ராத்திரி மூச்சுவிட வழி வேண்டாமா?

இரவுப்பணி:
மேசைமேல் வைத்த சட்டி கவிழ்ந்தால் தொடைக்குப் பதிலாக முகமும் நெஞ்சும் வேகும். பக்கத்தில் பெரியவர் நிற்கும்போதே கவிழ்ந்த சட்டிகளைத்தான் அதிகம் கேள்விப்படுகிறேன். பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்துக்கொள்வதை நான் தடுக்கவில்லை, போர்வை போடாமல் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு ஈர ஆவி வேண்டுமென்றால் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு எட்ட உட்காருங்கள். வெந்நீர்க் குழாய் இல்லாத வீட்டில் உப்புநீர்ச் சொட்டும் சூடான ரசமும் போதும்.

யார் வீட்டிலாவது வெந்துவிட்டால்: நனைந்த துணியை உடனே கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள், ஐஸ் வேண்டாம். பற்பசை, பேனா மை, மஞ்சள், இட்லி மாவு எதையும் பூசாதீர்கள். அதைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை இன்னொரு தடவை துடிக்க வேண்டியிருக்கிறது. சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.