மியூனிக்கில் மாசம் 992 யூரோ ‘தாராளமா’ போதுமாம்!

கோலிவாடா_அக்கா:
ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்புற பசங்களுக்கு அறிவுரைன்னு முலுண்ட்_அப்பா சார் நேத்து எழுதினதைப் படிச்சேன். “மியூனிக்ல மாசம் 992 யூரோ தாராளமா போதும். அதுக்கு மேல வீட்டுல கேக்குற பையன் ஊதாரி.” படிச்சதுலேருந்து மனசு ஆறல. என் தம்பி இந்த மார்ச்லதான் மியூனிக் போனான். எஜுகேஷன் லோன்ல அவனோட சேர்ந்து கையெழுத்து போட்டவ நான். மும்பை சயான் கோலிவாடாவில ஒரு ரூம், ஒரு கிச்சன், அதுல நாலு பேர் இருக்கோம். 11,904 யூரோ, நம்ம காசுக்குப் பன்னிரண்டு லட்சம் பக்கம், பிளாக்ட் அக்கவுண்ட்ல, அதாவது விசாவுக்காகப் பணத்தைப் பூட்டி வைக்கிற கணக்குல, போட்டுட்டுத்தான் விசாவே வாங்கினோம். அது மாசம் 992ஆ பிரிஞ்சு வருது. அறை வாடகை 780. ஹெல்த் இன்சூரன்ஸ் 145. மிச்சம் 67 யூரோ. இதுல எங்க சார் தாராளம்? ஊதாரிங்கிற வார்த்தையை வாபஸ் வாங்குங்க.

முலுண்ட்_அப்பா:
தங்கச்சி, கோபப்படாம கேளுங்க. என் பையன் 2023லேருந்து மியூனிக்ல இருக்கான். ஒலிம்பிக் கிராமத்துல ஸ்டூடண்ட் ஹாஸ்டல், 1972 ஒலிம்பிக்குக்குக் கட்டின இடம். வாடகை 400 கூட இல்ல. எழுநூறுல மாசத்தை ஓட்டிட்டு மிச்சம் பிடிக்கிறான். 780க்கு அறை எடுக்கச் சொன்னது யாரு? 992 போதும்.

கோலிவாடா_அக்கா:
நான் உங்களுக்குத் தங்கச்சி இல்ல சார். 2023ல உங்க பையன் போனப்ப மாசத்துக்கு 934தான், வருஷத்துக்கு 11,208. 2024 செப்டம்பர்லதான் 992 ஆச்சு. அந்தக் கணக்கே தெரியாம 992க்குச் சான்றிதழ் குடுக்குறீங்க. ஹாஸ்டலுக்கு என் தம்பியும்தான் அப்ளை பண்ணியிருக்கான், வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கிறான். மியூனிக்ல ஃப்ரைமான் பக்கம் இருக்குற பெரிய மாணவர் குடியிருப்புல 2021 தீ விபத்துக்கு அப்புறம் பல கட்டடங்களைக் காலி பண்ணி வெச்சிருக்காங்க. இடம் கிடைச்ச அதிர்ஷ்டத்தைச் சிக்கனம்னு சொல்லாதீங்க.

ஆகன்_பழையவன்:
நான் 2019ல ஜெர்மனியில இருக்குற ஆகன் ஊருக்குப் படிக்கப் போனவன். ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. ‘போதும்’னா என்ன? ஹாஸ்டல் வாடகை வெச்சா, வெளி அறை வாடகை வெச்சா? முதல்ல அதை முடிவு பண்ணிட்டு சண்டை போடலாமே.

முலுண்ட்_அப்பா:
போதும்னா போதும். தமிழ்தானே இது? 992 போதும்.

கோலிவாடா_அக்கா:
போதாது. 67 யூரோ, சார். அறுபத்தி ஏழு.

தாராவி_90அடி:
முலுண்ட் சார் இப்படித்தான். கனடா விசாவுக்கு அங்க பேங்க்ல முன்கூட்டியே கட்டுற ஜிஐசி பணத்தைப் பத்திப் பேசினப்பவும் “ஜிஐசி பத்தாயிரம் டாலர்தான், அது எந்தக் காலத்துலயும் மாறாது”ன்னு கடைசி வரைக்கும் நின்னாரு. 2024 ஜனவரியில 20,635 ஆச்சு. அதுக்கு அப்புறம் அந்தப் பக்கமே தலை காட்டல. அவரை நம்பி எங்க தெருப் பையன் ஒருத்தன் வீட்டுல நகை அடமானத்தைப் பாதியிலேயே மீட்டுட்டு, திரும்ப ஓடிப் போய் வெச்சாங்க. எனக்கு மறக்கல சார்.

முலுண்ட்_அப்பா:
இங்க பேச்சு ஜெர்மனி. கனடாவை எதுக்கு இழுக்குற தம்பி? அன்னைக்கு இருந்த ரூலை அன்னைக்குச் சொன்னேன்.

தாராவி_90அடி:
“எந்தக் காலத்துலயும்”னு சொன்னீங்க.

ஆகன்_பழையவன்:
விடுங்கப்பா. அந்த 992 எங்கேருந்து வந்ததுன்னு யாருக்காவது தெரியுமா? ஜெர்மன் மாணவர்களுக்கு அரசாங்கம் குடுக்குற பாஃபெக் உதவித்தொகையோட உச்ச அளவு அது. சாப்பாடு முதலான செலவுக்கு 475, வாடகைக்கு 380, மருத்துவ இன்சூரன்ஸுக்கு 102, பராமரிப்பு இன்சூரன்ஸுக்கு 35. கூட்டிப் பாருங்க. அந்தத் தொகை மியூனிக்குக்குன்னு போட்டது இல்ல, முழு நாட்டுக்கும் ஒண்ணு.

கோலிவாடா_அக்கா:
தம்பி, நல்லா இருப்பீங்க. வாடகைக்கு 380! மியூனிக்ல பகிர்ந்துக்குற வீட்டுல ஒரு அறையே 800 பக்கம் போகுது. இதை முலுண்ட் சார் படிக்கட்டும்.

முலுண்ட்_அப்பா:
படிச்சேன். என் பையனுக்கு 380க்குள்ளதான் வருது. அப்ப ஜெர்மன் கவர்மெண்ட் கணக்கும் என் கணக்கும் ஒண்ணுதானே? நான் சொன்னதைத்தான் அவங்களும் சொல்றாங்க. 992 போதும்.

ஆண்டாப்ஹில்_அக்டோபர்:
நான் இந்த அக்டோபர் செமஸ்டருக்கு மியூனிக் போறேன். நம்ம படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தர்ற ஏபிஎஸ் சர்ட்டிஃபிகேட்டுக்கு 18,000 ரூபாய் கட்டி வாங்கியாச்சு, விசா அப்பாயின்ட்மெண்ட் கிடைச்சிடுச்சு. 2025 ஜூலை 1லேருந்து விசா மறுத்தா மறுபரிசீலனை மனு போடுற வழியையும் எடுத்துட்டாங்க, அதனால அம்மா தினமும் ஃபைலைத் திறந்து திறந்து பார்க்குறாங்க. என் சந்தேகம் ஒண்ணுதான். பிளாக்ட் அக்கவுண்ட் தவிர கையில எவ்வளவு எடுத்துக்கணும்?

முலுண்ட்_அப்பா:
ஒண்ணும் வேண்டாம் தம்பி. 992 வரும். ரெண்டு கிலோ வீட்டு நெய், ஒரு குக்கர், மாட்டுங்காவில பருப்புப்பொடி வாங்கிக்க. போதும்.

கோலிவாடா_அக்கா:
தம்பி, அவர் சொல்றதைக் கேட்டு வெறுங்கையோட இறங்காதே. அந்த 992 இறங்கின அன்னைக்கே கைக்கு வராது. என் தம்பி கணக்கு வெச்ச கம்பெனியில, அங்க ஒரு பேங்க் கணக்கு காட்டினாத்தான் பணத்தை விட்டாங்க. அவன் போன பேங்க்ல விலாசம் பதிஞ்ச காகிதம் கேட்டாங்க. விலாசம் பதிய, இவன் இங்க குடி வந்திருக்கான்னு வீட்டுக்காரர் எழுதிக் குடுக்கணும். வீடு கிடைக்க டெபாசிட் வேணும், மூணு மாச வாடகை வரைக்கும் கேக்க அங்க சட்டமே இடம் குடுக்குது. டெபாசிட்டுக்குப் பணம் எங்க இருக்கு? பிளாக்ட் அக்கவுண்ட்ல! அஞ்சு வாரம் சிநேகிதன் அறையில தரையில படுத்திருந்தான். வீடியோ கால்ல தட்டைக் காட்டுடான்னு அம்மா கேப்பாங்க, போனை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு “இப்பதான்மா சாப்பிட்டேன்”னுவான். ஒருநாள் போன் கை தவறிச் சாய்ஞ்சது. வெறும் சோறு, உப்பு, ஒரு பச்சை மிளகாய். அம்மா அன்னைக்குச் சாப்பிடல. அந்தப் பையனைத்தான் சார் ஊதாரிங்கிறார். ரெண்டு மாசச் செலவும் டெபாசிட்டும் ஃபாரெக்ஸ் கார்டுல தனியா வெச்சுக்க தம்பி.

ஆகன்_பழையவன்:
அக்கா சொல்ற சிக்கல் நிஜம். எனக்கும் நடந்தது. அப்புறம் முலுண்ட் சார், நெய் எடுத்துட்டுப் போகச் சொல்லாதீங்க. வெளிநாட்டுலேருந்து பயணிகள் பால் பொருள், இறைச்சி கொண்டு வர ஐரோப்பிய யூனியன்ல தடை இருக்கு. நெய்யும் அதுல அடக்கம்.

முலுண்ட்_அப்பா:
நான் ரெண்டு தடவை குடுத்து அனுப்பினேன். ஏர்போர்ட்ல ஒருத்தரும் கேக்கல.

ஆகன்_பழையவன்:
கேக்காம விட்டது வேற, ரூல் வேற. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இருக்கணும்.

முலுண்ட்_அப்பா:
நெய்க்கு ரூலாம்! எங்க அம்மா கடைஞ்சு காய்ச்சின நெய். கல்லிடைக்குறிச்சியிலேருந்து பம்பாய்க்கு ரயில்ல வந்து, பம்பாய்லேருந்து மியூனிக் போன நெய். அதைக் குப்பையில போடச் சொல்றியா?

தாராவி_90அடி:
குப்பையில போடுறது ஏர்போர்ட்டுல இருக்கிறவங்க வேலை சார். நீங்க பாவம், உங்க பையன் மாட்டுவான்.

முலுண்ட்_அப்பா:
நீ என் பையனைப் பத்திப் பேசாத. டிஸ்டிங்ஷன்ல பாஸ் பண்ணி டியூஷன் ஃபீஸ் ஒரு பைசா இல்லாம படிக்கிறான். ஜெர்மனியில படிப்பு இலவசம். தாராவியில உக்காந்துட்டு...

தாராவி_90அடி:
முடிங்க சார், தாராவியில உக்காந்துட்டு? எங்க அப்பா தோல் பட்டறையில நின்ன காசுல நான் இன்ஜினியரிங் முடிச்சேன். முலுண்ட்ல லிஃப்ட் வெச்ச பில்டிங்ல இருந்தா மட்டும் வாயைத் திறக்கலாமா? அப்புறம் அந்த இலவசமும் பாதிதான். மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியில 2024 அக்டோபர்லேருந்து புதுசா சேர்ற நம்மள மாதிரி வெளிநாட்டுப் பசங்களுக்கு ஃபீஸ். மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 இல்லேன்னா 6,000 யூரோ. உங்க பையன் முன்னாடியே போனதால தப்பிச்சான்.

முலுண்ட்_அப்பா:
அது ஒரு யூனிவர்சிட்டி. மத்ததுல இலவசம்தான்.

தாராவி_90அடி:
பாடன்-வூர்டெம்பெர்க் மாநிலம் முழுக்க 2017லேருந்தே செமஸ்டருக்கு 1,500. அதுவும் ‘ஒரு யூனிவர்சிட்டி’யா?

முலுண்ட்_அப்பா:
நான் ஆரம்பத்துலேருந்து ஒரே விஷயம்தான் சொல்றேன், நீங்கதான் திசை மாத்துறீங்க. 992 போதும். போதாதவன் வேலை பார்க்கட்டும். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி இருக்கு. 2025லயே மணிக்குக் குறைஞ்சது 12.82 யூரோ. கணக்குப் போடத் தெரியாதவங்ககிட்ட என்ன பேசுறது?

கோலிவாடா_அக்கா:
கணக்கு எனக்குத் தெரியும் சார், மாசம் அஞ்சாம் தேதி இஎம்ஐ வட்டி என் சம்பளத்துலேருந்துதான் போகுது. வேலைக்கு அவன் அலையாத இடம் இல்ல. ஜெர்மன் ஏ2, அதாவது ஆரம்ப நிலை அளவுல தெரிஞ்சவனை கல்லாவுல நிறுத்த மாட்டேங்கிறாங்க. இப்ப ஒரு குடோன்ல ராத்திரி பெட்டி அடுக்குறான். காலையில வகுப்பு. அதுல மிச்சமே பிடிக்கல, கடன் வாங்குறதைத்தான் குறைச்சிக்கிறான். வேலை பார்த்தாத்தான் முடியும்னு நீங்களே இப்ப சொல்லிட்டீங்க. அப்ப 992 போதலைன்னுதானே அர்த்தம்?

முலுண்ட்_அப்பா:
அப்படி நான் சொல்லவே இல்ல. வார்த்தையைத் திரிக்காதீங்க.

ஆண்டாப்ஹில்_அக்டோபர்:
அண்ணா, அக்கா, குக்கரைக் கையில எடுத்துட்டுப் போற பையில வைக்கலாமா, செக்-இன்லயா? 23 கிலோ தாண்டுது.

ஆகன்_பழையவன்:
செக்-இன்ல வை. வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கூட ஒண்ணு வாங்கி வெச்சுக்க, அங்க தேடி அலையணும்.

கோலிவாடா_அக்கா:
முலுண்ட் சார், நான் இன்னும் இங்கதான் இருக்கேன். உங்க பதிவுல ஊதாரிங்கிற வார்த்தை அப்படியே இருக்கு. என் தம்பி இதைப் படிக்கிறான். நேத்து ராத்திரி போன் பண்ணி “அக்கா, இந்த மாசம் எனக்கு அனுப்பாத, நான் பார்த்துக்கிறேன்”னு சொன்னான். நீங்க எழுதினதைப் படிச்சிட்டுத்தான் அப்படிச் சொன்னான். எடுத்துடுங்க.

முலுண்ட்_அப்பா:
பொதுவா எழுதினேன். உங்க தம்பியைச் சொல்லல. எடுக்க மாட்டேன்.

கோலிவாடா_அக்கா:
780 வாடகை. 145 இன்சூரன்ஸ். மிச்சம் 67.

முலுண்ட்_அப்பா:
ஹாஸ்டலுக்கு முயற்சி பண்ணச் சொல்லுங்க. 992 போதும்.

தாராவி_90அடி:
கனடாவுக்குப் பத்தாயிரம் போதும்னு சொன்ன அதே வாய்.

முலுண்ட்_அப்பா:
திரும்பவும் கனடாவா?