புதுப்பிப்பு: ஜாஸ், ப்ளூஸ், சோல் இசையை எங்கே கேட்கத் தொடங்குவது என்று கேட்டிருந்தேனே!

பாதிப் பேர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) ஜாஸ் ஆல்பம் என்றீர்கள். அதிலிருந்து இன்னும் வெளியே வர முடியவில்லை. முதல் பாட்டில் பால் சேம்பர்ஸின் பேஸ் (கனத்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியம்) ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில், வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுவது மாதிரி, பதில் கொடுக்கிறார்கள். பிறகு 16 பார் (ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை) ஒரே ஸ்கேல், அதாவது ஒரே ஸ்வர வரிசை, 8 பார் அரை ஸ்வரம் மேலே, மறுபடி 8 பார் பழைய இடம். விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், சாக்ஸபோன் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேன் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று பிடிபடும்.

ப்ளூஸில் மடி வாட்டர்ஸ். மிசிசிப்பியிலிருந்து 1943இல் சிகாகோ போனவர். அங்கே கிளப் இரைச்சலில் காதில் விழ எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். குரல் சும்மா மிரட்டுது.

சோலுக்கு ஒரு யோசனை: ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை ஓடிஸ் ரெடிங் (1965), அரீத்தா ஃபிராங்க்ளின் (1967) இருவர் குரலிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எழுதியவர் ஓடிஸ்தான். ஆனால் ‘R-E-S-P-E-C-T’ என்று எழுத்துக்கூட்டிப் பாடும் அந்த இடம் அரீத்தா பதிப்பில் மட்டும்தான் உண்டு. பாட்டு அவருடையதாகவே ஆகிவிட்டது!

கோல்ட்ரேனின் கடைசிக் கால ஆல்பங்களைச் சிபாரிசு செய்த நண்பரே, கொஞ்சம் பொறுங்க, அதுக்கு நான் இன்னும் தயாராகவில்லை.