புதுப்பிப்பு: ஜெய்சல்மேர் வேன் முகாம் முடிந்து திரும்பினோம்

ராஜஸ்தானின் பாலைவன நகரான ஜெய்சல்மேரில் முகாமிடும்போது மணலில் வண்டி புதைந்தால் என்ன செய்வது, ஐந்து கேம்பர் வேன்களுக்கு (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டிகள்) தண்ணீர் போதுமா என்று டிசம்பரில் இங்கே கேட்டிருந்தேன். சென்ற வாரம் அனைவரும் நலமாக வேலூர் வந்து சேர்ந்தோம்.

ஜெய்சல்மேருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள சாம் மணற்குன்றுகளருகே, நீங்கள் எச்சரித்திருந்தும், டயரில் காற்றைக் குறைக்காமல் தார்ச்சாலையை விட்டு இறங்கிய எங்கள் வேன் அச்சு வரை புதைந்தது (தவறு என்னுடையதே). மணலை வாரித் தள்ளி, சக்கரங்களுக்கு முன்னால் கோணிச்சாக்குகளை விரித்து, காற்றைப் பாதியாகக் குறைத்த பிறகே அது அசைந்தது. பாத்திரங்களை முதலில் மணலால் தேய்த்ததால் தண்ணீர் மிச்சமானது. 1156-இல் எழுப்பப்பட்டு, இன்றும் மக்கள் குடியிருக்கும் ஜெய்சல்மேர் கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதவில்லை. வேலூர் வெயிலுக்குப் பழகிய எங்களுக்கு, பாலைவனத்து ஜனவரி இரவில் இரண்டு போர்வைகளும் போதவில்லை.