போர்ட்ஃபோலியோவுக்குக் கற்பனை வேலை போதுமா, இலவச வேலை செய்தாக வேண்டுமா?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிசைன் முடிக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இது: ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை, போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பில்) எதை வைப்பது? தாங்களே ஒரு பணியை வகுத்துக்கொண்டு செய்யட்டும் என்பேன். மூன்று வேலை போதும். ஆனால் "காப்பிக் கடை லோகோ" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கினால் தேறாது. தேக்கா நிலையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, நான்கு மொழியில் விலைப்பலகை, மூன்று மீட்டர் தள்ளி வரிசையில் நிற்கும் முதியவருக்கும் விலை தெரிய வேண்டும் என்று கட்டுப்பாடுகளை முதலில் எழுதுங்கள். கைவிட்ட இரண்டு வரைவுகளையும், ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மேலே "சுய முயற்சி" என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இருக்கிற கடையின் லோகோவை எடுத்துப் போட்டு, அவர்கள் கொடுத்த வேலைபோலக் காட்டினால் நம்பிக்கையே போய்விடும்.

பொங்கோல் பொன்னி:
ஒத்துக்க மாட்டேன் அண்ணே. நாமளே எழுதின கட்டுப்பாடு நம்மளை எதிர்த்துப் பேசாது. நிஜ வேலையில லோகோ வாட்ஸ்அப்ல மங்கலான படமா வரும். ஆங்கிலத்துக்கு இடம் ஒதுக்கி எல்லாம் முடிஞ்சப்புறம் தமிழ் வாசகம் வரும், பெட்டிக்குள்ள அடங்காது. ஒப்புதல் தர மூணு பேர் இருந்தா மூணு நிறம் கேப்பாங்க. இதையெல்லாம் சமாளிச்சதுக்கு ஆதாரம் இருந்தாத்தான் அடுத்தவங்க வேலை தருவாங்க.

சமூக மன்றம், கோயில், பல்கலைக்கழகத் தமிழ் அமைப்பு, எங்க வேணும்னாலும் போய், இலவசமா ஒரு வேலை செஞ்சு தரேன்னு கேக்கலாம். தமிழ் மொழி விழா ஏப்ரல்ல வருது, அதனால வருஷம் பிறந்ததுமே போய்ப் பாருங்க. மார்ச் கடைசியில போனா யாரும் புது ஆளை நம்ப மாட்டாங்க. ஒரே ஒரு சுவரொட்டி, ரெண்டு சுற்றுத் திருத்தம், முடிக்கிற தேதி, நிகழ்ச்சிக்கு அப்புறம் போர்ட்ஃபோலியோவில காட்ட அனுமதி: நாலையும் மின்னஞ்சல்ல வாங்கிக்கோங்க. பில்லுல 300 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) போட்டு, கீழே முழுத் தள்ளுபடின்னு காட்டுங்க. விலை தெரியாத வேலைக்கு மரியாதை கிடையாது.

எழுத்துரு தாசன்:
இரண்டு பேரும் ஒன்றைத் தொடவே இல்லை. சிங்கப்பூரில் தமிழும் வருகிற வேலையில் புதியவர்கள் விழுவது எழுத்து உடைவதில்தான். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்வாகாமலும், பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' இல்லாமலும் தட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தனியாக நிற்கும். தமிழ் தெரியாத அச்சகத்தாருக்கு அது பிழை என்றே தெரியாது. அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது வரி இடைவெளி. ஆங்கிலத்துக்குத் தானாக வரும், எழுத்தளவில் 120 விழுக்காட்டை அப்படியே விட்டால் மேல்வரியின் 'மு', 'ழு' சுழிகள் கீழ்வரியின் 'கி', 'தீ' வளைவுகளில் மோதும். 140 முதல் 150 வரை வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

வடிவமைப்பைச் சுவரில் ஒட்டியதுபோல் கணினியில் காட்டும் மாக்கப் படங்களை நான் பொருட்படுத்துவதில்லை. 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது ஓரம் வெளுக்காமலிருக்கக் கூடுதல் பரப்பு) விட்டு, எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வடிவமாக) மாற்றி, சன்ஷைன் பிளாசாவில் ஓர் அச்சுக்கடையில் நிஜ அளவில் ஒரு பிரதி அடியுங்கள். அதைச் சுவரில் ஒட்டி மூன்று மீட்டர் தள்ளி நின்று படமெடுங்கள். திரையில் மறைந்திருந்த குறை அங்கே தெரிந்துவிடும்.

ஈசூன்வாசி:
அச்சடிப்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் பொன்னி, நீங்கள் சொல்லும் வழி எல்லாருக்கும் திறந்ததில்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் பக்கத்தில் ஃப்ரீலான்ஸ் எடுக்க மனிதவள அமைச்சு விடுவதில்லை. அவருக்குச் சுய முயற்சிதான் சிக்கலில்லாத வழி. ஊழியராக இருந்து செய்ததையும் கேட்காமல் போடக்கூடாது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அதன் பதிப்புரிமை முதலாளிக்கே.

பொங்கோல் பொன்னி:
அனுமதிச் சீட்டு விஷயம் சரி, அவங்களுக்கு என் யோசனை பொருந்தாது. ஆனா குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்குச் சுய முயற்சி மூணோட நின்னுட்டா, "இது எங்க ஒட்டியிருந்துச்சு?"ங்கிற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

எழுத்துரு தாசன்:
அவர்களுக்கும் இலவசம் வேண்டாம் என்பேன். இலவச வேலையில் இரண்டு சுற்று என்று எழுதி வாங்கினாலும் மூன்றாவதை மறுக்க வாய் வராது. 80 வெள்ளிக்குச் சின்ன வேலையாக எடுங்கள்: ஒரு மெனு அட்டை, ஒரு பெயர்ப்பலகை. பாதியை முன்பணமாக வாங்குங்கள். அதைத் தர மறுப்பவர் மீதியையும் இழுத்தடிப்பார். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்தால், தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால்தான் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) சந்தா கட்டாயம். ஆகவே காசு வாங்கத் தயங்குவதற்கு நடைமுறைத் தடை எதுவும் இல்லை.

பொங்கோல் பொன்னி:
80 வெள்ளின்னு ஆரம்பிச்சா அதே கடைக்காரர் அடுத்த வருஷமும் 80தான் தருவார். 300 போட்டுத் தள்ளுபடி கொடுத்தா, அடுத்த பேச்சு 300லேருந்து தொடங்கும். இதுல நான் மாற மாட்டேன்.

எழுத்துரு தாசன்:
அப்படியானால் பில்லில் 300 என்று போட்டு, 220 அறிமுகத் தள்ளுபடி காட்டி, 80 வாங்கட்டும். சுழியத்துக்கு மட்டும் இறங்க வேண்டாம்.